பார்க்காத வீட்டுக்குப் பணம் கட்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படிப்புக்கும் வேலைக்கும் பினாங்குப் பிள்ளைகள் கோலாலம்பூருக்குப் போவது புதிதல்ல. ஆனால் போகிற இடத்தில் தங்க ஒரு வீடு தேடுவது இப்போது பெரும்பாடாகிவிட்டது. என் மகளுக்குப் பங்சார் பக்கம் வேலை கிடைத்தது. புக்கிட் மெர்தாஜாமில் இருந்தபடியே அவளுக்கு வாடகை வீடு தேடியபோது பட்ட பாட்டை வைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் விளம்பரப் படங்கள். செந்தூலில் ஒரு வீடு, செராஸில் ஒரு வீடு என்று இரண்டு விளம்பரங்கள். இரண்டிலும் அதே மஞ்சள் திரைச்சீலை, அதே மின்விசிறி, மேசை மேல் அதே பிளாஸ்டிக் பூச்சாடி! இன்னொன்றில் 'எல்ஆர்டி ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடை' என்று போட்டிருந்தார்கள். வரைபடத்தைப் பார்த்தால் வீட்டுக்கும் நிலையத்துக்கும் நடுவே கூட்டரசு நெடுஞ்சாலை ஓடுகிறது. உள்ளூர்க்காரர் என்றால் சாயங்காலம் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவார். பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் கே.எல். சென்ட்ரல் போகவே ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஓட முடியுமா?

சரி, வீடியோ அழைப்பிலாவது காட்டுங்கள் என்று கேட்டோம். ஒரு இளைஞர் காட்டினார். கைப்பேசி கூடத்தில் நிதானமாக நகர்ந்தது, சமையலறைக்கு வந்ததும் ஓட்டமாக ஓடியது. "தம்பி, அந்தக் குழாயைத் திறந்து காட்டுங்க, மேலே சீலிங்கையும் ஒரு தடவை காட்டுங்க" என்றேன். "அதெல்லாம் ஓகேதான் ஆன்ட்டி. இன்னும் மூணு பேரு கேட்டுக்கிட்டு இருக்காங்க. இன்னைக்கே புக்கிங் போட்டுருங்க" என்றார். பணத்தை அனுப்பச் சொன்னது அவருடைய சொந்தக் கணக்குக்கு. அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு முகவர் தொழில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. முறையாகப் பதிந்தவரிடம் ஓர் எண் இருக்கும். அதை வீட்டு முகவர்களைப் பதியும் வாரியத்தின் இணையப் பக்கத்தில் சரிபார்க்கலாம். பணம் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும், முகவரின் சொந்தக் கணக்குக்கு அல்ல. வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் 'செமாக் மியூல்' பக்கத்தில் தட்டிப் பார்த்தால் அதன்மேல் புகார் இருக்கிறதா என்று தெரியும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகார்களுக்கான 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

இவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு கதவு நமக்குத் திறப்பதே இல்லை. வீடு காலியாக இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று முதலில் பதில் வரும். மகள் தன் பெயரை அனுப்பியதும், "வீட்டுக்காரர் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை" என்று இன்னொரு செய்தி வரும். சிலர் அதை விளம்பரத்திலேயே போட்டுவிடுகிறார்கள். கறி வாசனை என்கிறார்கள், வாடகை ஒழுங்காக வராது என்கிறார்கள். மாதம் தவறாமல் சம்பளம் வாங்கப்போகிற பெண்ணின் வேலைக் கடிதத்தைக்கூடப் பார்க்காமல் இப்படிச் சொல்வது எந்த வகையில் நியாயம்? அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மகள் ஒன்றும் பேசாமல் அடுத்த விளம்பரத்தைத் திறந்தாள். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை இதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைத் தட்டிக் கேட்கச் சட்டம் இல்லை. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு ஒரு காலத்தில் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 2000 தொடக்கத்தில் அது முடிவுக்கு வந்தபோது ஜார்ஜ்டவுனில் எத்தனை குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன என்பது பினாங்குக்காரர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். குடியிருப்பு வாடகைக்கென்று புதுச் சட்டம் வரப்போகிறது என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னும் வந்தபாடில்லை.

பணக்கணக்கையும் பாருங்கள். மாத வாடகை 1,400 வெள்ளி (ரிங்கிட்) என்றால், இரண்டு மாத முன்பணம் 2,800, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 700, முதல் மாத வாடகை 1,400. சாவியைக் கையில் வாங்குமுன் 4,900 வெள்ளி. முதல் சம்பளமே வாங்காத பிள்ளை இதற்கு எங்கே போகும்? காலி செய்யும்போது முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டால் 5,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஊர் திரும்பிவிட்ட பிள்ளை ஒவ்வொரு தவணைக்கும் விடுப்புப் போட்டுக் கோலாலம்பூருக்குப் போய் வர வேண்டும் என்றால், பணம் போனால் போகட்டும் என்றுதான் விட்டுவிடும்.

அதனால் வரப்போகும் சட்டத்தில் முன்பணம் வீட்டுக்காரர் கையில் இல்லாமல் பொதுவான ஓரிடத்தில் இருக்க வேண்டும். வாடகைத் தகராறுக்குத் தனி நடுவர் மன்றம் வேண்டும், வெளியூர்க்காரர் காணொளி வழியாகவே பேச வழி இருக்க வேண்டும். வீட்டைப் பார்க்குமுன் பணம் கேட்பதையும் விளம்பரத்தில் இனத்தைக் குறிப்பிடுவதையும் குற்றமாக்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத் தொடரிலாவது இதை எழுப்ப வேண்டும்.

அதுவரை நம்மவர்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. குழாயைத் திறந்து காட்டாத அந்த வீட்டை, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் ஒரு தோழியின் தம்பி பிறகு வேலை முடிந்து போய்ப் பார்த்தார். சமையலறை சீலிங்கில் தண்ணீர் ஊறிப் பெரிய பழுப்புக் கறை. இரண்டு லிஃப்டில் ஒன்று ஓடவில்லை. அவர் அங்கே நின்றது பத்து நிமிடம் இருக்குமா? எங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! கோலாலம்பூரில் உள்ள ஆலய இளைஞர் பிரிவுகளும் முன்னாள் மாணவர் சங்கங்களும் இந்த உதவியை வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் செய்ய முன்வர வேண்டும். அப்படி முன்வரும் சங்கங்களின் விவரங்களைத் தங்கள் பத்திரிகையில் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு