ஆஸ்பத்திரிக்குப் பூவோடு வரச் சொன்ன மிஸ்ஸிக்கு

வணக்கம்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளிப் பூக்கட்டி விற்கிறவள் நான். ஐந்து மாதமாகக் கடையில் என்னைக் காணாமல் "அக்கா எங்கே?" என்று கேட்டவர்கள் நிறையப் பேராம். அவர்களுக்குப் பதிலாகவும் இருக்கட்டும், நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னதாகவும் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் வழுக்கி இடது பக்கமாக விழுந்தேன். முதலில் போன கிளினிக்கில் சுளுக்கு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நானும் இரண்டு நாள் நொண்டிக்கொண்டே நடந்தேன். சொந்தக்காரர் ஒருவர் தைலம் போட்டு உருவிவிட வந்தார். நல்ல வேளை, மகள் விடவில்லை. மூன்றாம் நாள் கட்டிலை விட்டு எழுந்தபோது உள்ளே ஏதோ நழுவியது. அப்புறம் கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

தொடை எலும்பின் கழுத்து முறிந்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றிருக்கிறது. அதனால்தான் நடக்க முடிந்ததாம். அது விலகினால், கழுத்தை ஒட்டி மேலே ஏறும் ரத்தக் குழாய்கள் அறுந்துபோகலாம். மேலே உள்ள எலும்புப் பந்து ரத்தமில்லாமல் செத்துவிடக்கூடும். 66 வயதில் அதை ஒட்டவைத்துக் காத்திருப்பதைவிட மாற்றிவிடுவதே நல்லது என்று டாக்டர் படம் போட்டுச் சொன்னார். அந்த டாக்டருக்கும், ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் முகம் சுளிக்காத வார்டு தாதியருக்கும், மறுநாளே என்னை எழுப்பி நிற்கவைத்த பிசியோ தம்பிக்கும் கைகூப்பி நன்றி.

இனி உங்களுக்கு வருகிறேன், மிஸ்ஸி. "நான் தாதி இல்லை, ஆண்டி" என்று எத்தனை முறை திருத்தினீர்கள்! தாதிகளை மிஸ்ஸி என்றே கூப்பிட்டுப் பழகிய வாயில் வந்த பெயர் அதுதான், விட்டுவிடுங்கள். உங்களுக்குத் தமிழ் தெரியாது. மகள் மலாயில் படித்துச் சொல்வாள்.

உங்கள் அறைக் கதவில் 'பெமுலிஹான் சாரா கெர்ஜா' என்று எழுதியிருந்தது. அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு மலாயில் அதுதான் பெயராம். அன்று எனக்கு அது தெரியாது; அதில் வேலை என்று அர்த்தமுள்ள 'கெர்ஜா'வைப் பார்த்ததும் பகீரென்றது. தையல் பிரிக்கும் முன்பே வேலைக்கு அனுப்பப் போகிறார்களா என்று மகளைக் கேட்டேன். நீங்களோ, காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்வேன் என்றுதான் முதலில் கேட்டீர்கள். குளிப்பது, கோலம் போடுவது, சாமி கும்பிடுவது, பசாருக்குப் போவது, பூக்கட்டுவது என்று ஒன்று விடாமல் எழுதிக்கொண்டீர்கள். என் வீட்டில் குந்தும் கக்கூஸ் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் நீங்கள் ஒருவர்தான்.

பிளாஸ்டிக் எலும்பு பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குப் பின்பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்திருப்பதால் அங்கே உள்ள தசையும் சவ்வும் ஆறும்வரை மூன்று விஷயம் கூடாது என்றீர்கள். இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, அந்தக் காலை உள்பக்கம் திருப்பக் கூடாது. மீறினால் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடலாம் என்று பொம்மையில் 'டக்'கென்று கழற்றியும் காட்டினீர்கள். மூன்று மாதத்துக்கு அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை.

பாவாடையைக் குனிந்து காலில் மாட்டாமல் தலைவழியாகப் போடுவது, கால்சட்டை என்றால் ஆபரேஷன் காலை முதலில் நுழைத்துக் கடைசியில் எடுப்பது, கீழே விழுந்ததை இடுக்கிக் கோலால் எடுப்பது, கக்கூஸ் குழிக்கு மேலே அடி திறந்த கமோடு நாற்காலியைப் போடுவது எல்லாம் உங்கள் உபயம். மகனுடைய மைவி காரில் ஏறுவதற்கு சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்த்து, அதன்மேல் பிளாஸ்டிக் பையை விரித்து, முதலில் பின்பக்கமாக உட்கார்ந்து பிறகு அப்படியே திரும்பச் சொன்னீர்கள். வழுக்கிக்கொண்டு திரும்பினேன்! காலுறை மாட்டும் கருவியை மட்டும் பினாங்கு வெயிலில் யாருக்குக் காட்டினீர்களோ. கோலத்தைப் பேத்தியிடம் கொடுக்கச் சொன்னீர்கள், கொடுத்தேன். அவள் போடும் கோலத்தைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

ஆனால் பூதான் பெரிய சிக்கல். நாற்பது வருடமாகப் பலகையில் சம்மணம் போட்டு, நூலைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துக் கட்டியவள் நான். சம்மணமும் கிடையாது, குனிவதும் கிடையாது என்றால் தொழில் போயிற்று என்று அன்று உங்கள் முன்னாலேயே அழுதுவிட்டேன். நீங்கள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்த வாரம் பூவும் நூலும் கொண்டு வாருங்கள், எப்படிக் கட்டுகிறீர்கள் என்று பார்க்க வேண்டும்" என்றீர்கள்.

கொண்டுவந்தேன். நீங்களும் கட்டிப் பார்த்தீர்கள். மூன்றாவது பூவிலேயே நூல் நழுவியது. நூலை இழுத்துப் பிடிக்க ஒரு முனைதான் வேண்டும், அது கட்டைவிரலாகத்தான் இருக்க வேண்டுமா என்று அப்போதுதான் கேட்டீர்கள். என் முழங்கையிலிருந்து தரைக்கு நாடா வைத்து அளந்து மேசையின் உயரம் குறித்தீர்கள். உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்று, கைப்பிடி வைத்த நாற்காலிக்கு அடியில் 3 அங்குலக் கட்டை கொடுக்கச் சொன்னீர்கள். பூக்கூடை தரையில் இருக்கக் கூடாது, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்க வேண்டும் என்பது தனிக் கட்டளை.

நீங்கள் வரைந்து கொடுத்த காகிதத்தைப் பக்கத்து இரும்புக் கடை முதலாளி தவுக்கேயிடம் காட்டினேன். மேசை விளிம்பில் கொக்கி முறுக்கிக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். அவருக்கும் நன்றி. முதல் பத்து நாள் கட்டிய சரங்கள் தொளதொளவென்றுதான் இருந்தன, கொக்கிக்குக் கால்விரல் மாதிரி விட்டுப் பிடிக்கத் தெரியாதே. அந்தச் சரங்களையும் பேசாமல் வாங்கிப் போன வாடிக்கையாளர்களே, உங்களுக்கும்தான் நன்றி. இப்போது கை பழகிவிட்டது.

இடுப்போ முழங்காலோ முதுகோ ஆபரேஷன் முடிந்து, நடக்க வந்துவிட்டது, இனி வைத்தியம் முடிந்தது என்று இருப்பவர்கள் டாக்டரிடம் இந்தப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே போனால் வெட்கப்படாமல் கக்கூஸ் வரைக்கும் சொல்லுங்கள்.

அக்டோபர் 27 உலக ஆக்குபேஷனல் தெரபி நாளாம், மகள் சொன்னாள். அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று ஏற்கெனவே என் உறையைத் திருப்பிக் கொடுத்தவர் நீங்கள். அதனால் ஆஸ்பத்திரிக்கு எதுவும் எடுத்துவரவில்லை. கடைப் பக்கம் வாருங்கள், மிஸ்ஸி. உங்களுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன், அது தாழ்வானதுதான். நான்காவது பூவிலிருந்து நான் சொல்லித் தருகிறேன்.