செயற்கை இழை ரோப்: முனையைப் பார்க்காமல் பாரம் தூக்க வேண்டாம்

குழு நண்பர்களே, வணக்கம். கிரேனிலும் விஞ்சிலும் எச்எம்பிஇ (HMPE, மிக வலுவான பாலிஎத்திலீன் இழை) ரோப் ஓட்டுகிறவர்களுக்காக இது. ரோப்பின் நீளத்தைத் தடவிப் பார்க்கிறோம். நுனியை வளையமாக மடக்கிப் பின்னிய கண்ணி முனையை அப்படியே விட்டுவிடுகிறோம். மொத்தப் பாரத்தையும் தாங்குவது அந்த முனைதான்.

ஷிப்ட் தொடங்கும் முன், பாரம் இல்லாதபோது பாருங்கள். திம்பிள் (கண்ணிக்குள் இருக்கும் உலோக வளையம்) திரும்பியிருக்கிறதா, விளிம்பில் பிசிறோ துருவோ உண்டா என்று கையுறையோடு தடவுங்கள். முன்பு கம்பி ரோப்புக்குப் பயன்படுத்திய பின்னோ (pin) ஷாக்கிளோ (இணைப்பு வளையம்) என்றால் அதிலுள்ள கீறல்களே இழையை அறுத்துவிடும். இதை அழுத்தியே சொல்கிறேன். வால், அதாவது மடக்கிய நுனி, ரோப்புக்குள் நுழையும் இடத்தில் மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் ஸ்ப்ளைஸ் (அந்தப் பின்னல் இணைப்பு) நழுவுகிறது. வேலையை உடனே நிறுத்துங்கள். ஸ்ப்ளைஸைப் பூட்டும் தையல் நூல் அறுந்திருந்தாலும் அப்படித்தான்.

பளபளவென்று விறைத்த இடம் தெரிந்தால் வளைத்துப் பாருங்கள். இளகினால் இழைகள் வெறுமனே அழுந்தியிருக்கின்றன. இளகாவிட்டால் இழை உருகியிருக்கிறது. இந்த இழை 150 டிகிரி செல்சியஸ் அருகிலேயே உருகிவிடும், வலுவோ அதற்கு வெகு முன்பே குறையும். முனைக்குப் பக்கத்தில் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், சந்தேகமான கண்ணி இருந்தால் தேதியோடு போட்டோ இங்கே போடுங்கள். ஆனால் முடிவு சைட்டில் நேரில் பார்க்கும் ஆய்வாளருடையது.