நைட் டூட்டி நர்சுங்களுக்கு முறை வச்சு ஒரு மணி நேரம் ஓய்வு கேட்டு கோரிக்கை மனு

அனுப்புநர்:
12 வருஷமா நைட் டூட்டி பாக்குற ஒரு ஸ்டாஃப் நர்ஸ்,
கொசப்பேட்டை, வேலூர்.
(பேரு, ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர், கூட கையெழுத்து போட்ட 11 பேரோட விவரம் எல்லாம் தனிக் கவர்ல ஒட்டி வச்சிருக்கேன். அந்தக் கவரை மட்டும் எங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடாதீங்க, புண்ணியமா போகும்.)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: ராத்திரி டூட்டியில நர்சுங்க முறை வச்சு படுத்து எழுந்திரிக்க ஒரு மணி நேரமும், தாழ்ப்பா போட்ட ஒரு ரூமும் வேணும்னு கேட்டு.

கலெக்டர் அவர்களுக்கு வணக்கம்.

போன திங்கக்கிழமை குறைதீர்வு நாளுக்கு வந்து, வாசல்ல மனு எழுதுறவர்கிட்ட தான் முதல்ல சொன்னேன். அவர் "பணி நேரத்தில் உறங்குவதற்கு அனுமதி வேண்டி"ன்னு ஆரம்பிச்சாரு. படிச்சுப் பாத்தா எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, தூங்கறதுக்கு சம்பளம் கேக்குறாங்கன்னு தானே யாரும் நினைப்பாங்க. 50 ரூபா குடுத்துட்டு அந்தப் பேப்பரை மடிச்சு பையில வச்சுக்கிட்டு வந்துட்டேன். அதனால இதை நானே பேசுற மாதிரி எழுதுறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

விஷயம் இது தான். எங்களோடது ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி, பேரு சொல்லல. பெண்கள் மெடிக்கல் வார்டு 24 பெட், ராத்திரி ஒரு சிஸ்டர், ஒரு ஆயா, அவ்ளோ தான். போன மாசம் என் கூட வேலை செய்யிற பொண்ணு ஒருத்தி, தொடர்ந்து அஞ்சாவது நைட்டு, விடிகாலை 3:40க்கு ஸ்டேஷன் டேபிள்ல தலை சாய்ச்சுட்டா. ஒரு பேஷண்டோட சொந்தக்காரர் அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுட்டார். காலையில ஹேண்ட்ஓவர் முடியறதுக்குள்ள அது எம்.டி. ரூம் வரைக்கும் போயிடுச்சு. மெமோ, எக்ஸ்பிளனேஷன் லெட்டர், 10 நாள் சஸ்பெண்ட், சம்பளம் கட். அந்த வீடியோ இன்னும் சுத்திக்கினு தான் இருக்கு, அவ மாமியார் வீட்டு குரூப்புக்கும் வந்துடுச்சாம்.

அவ மேல தப்பே இல்லன்னு நான் சொல்ல வரல. அந்த நேரத்துல ஒரு பாட்டிக்கு ட்ரிப்ஸ் முடிஞ்சு டியூப்ல ரத்தம் ஏறி நின்னுச்சு, அதைப் பாத்த சொந்தக்காரங்களுக்கு கோவம் வரத்தான் செய்யும். எங்கம்மாவை வேற ஒரு இடத்துல அட்மிஷன் போட்டிருந்தப்ப, மூச்சு வாங்குது சிஸ்டர்னு ஓடிப் போய்ப் பாத்தா அந்த சிஸ்டர் சேர்லயே தூங்கிட்டிருந்தாங்க. நான் கத்தின கத்துல வார்டே முழிச்சுக்குச்சு. நானும் நர்சு தான்னு அப்போ எனக்கு ஞாபகமே வரல. பெத்தவங்க மூச்சுக்குத் திணறும்போது யாருக்கும் நியாயம் பேசத் தோணாது, அதனால வீடியோ எடுத்தவர் மேல எனக்குக் கோவம் இல்ல, அவ தலை சாயுற நிலைமைக்கு ரோஸ்டர் போட்டவங்க மேல தான் கோவம்.

எங்க நைட்டு 7:30க்கு ஆரம்பிச்சு மறுநாள் 8 மணி. பேருக்கு பன்னண்டரை மணி நேரம், ஹேண்ட்ஓவர் இழுத்துச்சுன்னா இன்னும் அரை மணி. மாத்திரை, 10 மணி ஊசி, 12 மணிக்கு குடிச்சது போனது கணக்கு முடிச்சு சார்ட் எழுதணும், 2 மணி ஆன்டிபயாட்டிக், 4 மணிக்கு பிளட் சாம்பிள், 5 மணிக்கு உடம்பு துடைச்சு பெட்ஷீட் மாத்தணும், 6 மணி வைட்டல்ஸ், 7 மணி இன்சுலின். நடுவுல ஜார்கண்ட்ல இருந்து வந்த அம்மா ஒருத்தங்க "தீதி தீதி"ன்னு கூப்பிடுவாங்க, வேலூர்ல நர்சா இருந்தா ஹிந்தி பெங்காலி தானா வந்துடும், அது வேற கதை. 2:30ல இருந்து 4 வரைக்கும் தான் வார்டு அடங்கும். உடம்பு சூடு ரொம்ப இறங்கிப் போற நேரமும் விடியறதுக்கு முன்னாடி இருக்குற அந்த நேரம் தான். டீ குடிச்சாலும் முகம் கழுவினாலும் கண்ணு தானா சொருகும், அது சோம்பேறித்தனம் இல்லீங்க, மனுஷ உடம்பு செஞ்ச விதம் அப்படி.

ஒரு கணக்கு சொல்றேன். முதல் நைட்டு போற அன்னிக்கு காலையில 6 மணிக்கு எழுந்து, சமைச்சு, புள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பி, மத்தியானம் கண்ணு மூட முடியாம டூட்டிக்கு வந்தா, ராத்திரி 11 மணிக்கே 17 மணி நேரம் முழிச்சிருக்கோம். 1997ல ஆஸ்திரேலியாவுல ஆராய்ச்சி பண்ணி, 17 மணி நேரம் தூங்காத ஆளோட கவனம் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்குற ஆளு மாதிரி ஆயிடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. நம்ம நாட்டுல, இங்க வேலூர் க்ரீன் சர்க்கிள்ல போலீஸ் ஊத வச்சு வண்டியைப் பிடுங்குறதுக்கு 0.03 தாண்டினா போதும். அப்போ விடிகாலை 4 மணிக்கு 22 மணி நேரம் முழிச்சிருக்குற நான் கையில ஊசியோட நிக்கிறேன், என்னை யாரு ஊத வைக்கிறது?

இதை எழுத வெக்கமா தான் இருக்கு, இருந்தாலும் மறைக்கல. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலை 7 மணி இன்சுலின், 8 யூனிட். இன்சுலின் பாட்டில்ல ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்குறது ஒண்ணு, 100 யூனிட் இருக்குறது ஒண்ணு, சிரிஞ்சும் அதுக்கேத்த மாதிரி 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. படிக்கும்போதே மனப்பாடம் பண்ணினது தான். நான் 100 பாட்டிலை எடுத்து சிவப்பு மூடி சிரிஞ்சுல 8 கோடு வரைக்கும் இழுத்துட்டேன். அது உள்ள போயிருந்தா 8 இல்ல, 20 யூனிட். காலை டூட்டிக்கு சீக்கிரம் வந்த சிஸ்டர் ஒருத்தங்க என் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. அந்த அம்மா அன்னிக்கு சாயங்காலம் நல்லா இட்லி சாப்பிட்டுட்டு டிஸ்சார்ஜ் ஆகிப் போனாங்க, அவங்களுக்கு இது இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எனக்கு மட்டும் அந்த சிவப்பு மூடி கனவுல வரும்.

இப்போ நாங்க தூங்காம இருக்கோமான்னு கேட்டா, இல்லீங்க. எல்லாரும் தூங்குறோம், திருடித் தூங்குறோம். ஐ.வி. பாட்டில் வர்ற அட்டைப்பெட்டியைப் பிரிச்சு ஸ்டோர் ரூம் தரையில போட்டு, போனை வைப்ரேஷன்ல வச்சு நெஞ்சு மேல வச்சுக்கினு, கதவுக்குத் தாழ்ப்பா இல்லாததால காலால முட்டுக் குடுத்துக்கினு 15 நிமிஷம். எங்க ஆயா வாசல்ல காவல் நிப்பாங்க, சூப்பர்வைசர் வந்தா "சிஸ்டரு பாத்ரூம் போயிக்கிறாங்க"ன்னு சொல்லுவாங்க. டியூட்டி டாக்டருக்கு ரூம் இருக்கு, ரூம்ல கட்டில் இருக்கு, வேணும்னா போன் பண்ணி எழுப்புறோம், அதுல ஒரு தப்பும் இல்ல, அவரும் மனுஷன் தான். ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியிலயே படுத்துக்கிறார். 24 பேரைப் பாத்துக்கிற நர்சுக்கு மட்டும் அட்டைப்பெட்டி.

திருட்டுத் தூக்கத்துல இருக்குற ஆபத்தே அது திருட்டுங்கிறது தான். யார்கிட்டயும் வார்டை ஒப்படைக்காம போறோம், எவ்ளோ நேரம்னு கணக்கு இல்ல, திடுக்குனு எழுந்து அதே நிமிஷம் ஊசி கையில எடுக்குறோம். அதையே சொல்லிட்டு, எழுதி வச்சுட்டு, வார்டை இன்னொரு சிஸ்டர்கிட்ட ஒப்படைச்சுட்டு படுத்தா அதுக்குப் பேரு ஓய்வு. ஜப்பான்ல 16 மணி நேர நைட்டு பாக்குற நர்சுங்க நடுவுல ரெண்டு மணி நேரம் வரைக்கும் முறை வச்சு படுக்குறது ரொம்ப வருஷ வழக்கம். அமெரிக்காவுல நாசா, நீண்ட தூரம் பறக்குற விமானிங்களை முறை வச்சு 40 நிமிஷம் படுக்க விட்டுப் பாத்தாங்க, சராசரியா 26 நிமிஷம் தூங்கினவங்க தூங்காதவங்களை விட கவனமா ஓட்டினாங்க. பிளேன் ஓட்டுறவரே தூங்கி எழுந்திரிக்கலாம், ட்ரிப்ஸ் பாக்குறவ தூங்கக் கூடாதா?

எழுந்ததும் கொஞ்ச நேரம் மப்பா தான் இருக்கும், 15 நிமிஷமாவது ஆகும் தெளிய. அதனால தான் ஒரு மணி நேரம்னு கேக்குறேன், அரை மணி தூங்க, மிச்சம் தெளிஞ்சு முகம் கழுவி வார்டை திரும்ப கேட்டு வாங்க. ஐ.சி.யூ.வுலயும் லேபர் வார்டுலயும் ஆள் மாத்தாம ஒரு நிமிஷம் கூட விடக் கூடாது, அதை நானே சொல்றேன்.

எங்க அண்ணி ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போறாங்க. அங்க மணி அடிச்சா மிஷினை நிறுத்திட்டு சாப்பிடப் போயிடுவாங்க. அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஒரு ஆளை இடைவெளி இல்லாம வேலை வாங்கக் கூடாது, அரை மணியாவது விடணும்னு 1948 தொழிற்சாலை சட்டத்துலயே எழுதி வச்சுட்டாங்க. துணிக்கடையில நாள் முழுக்க நிக்கிற பொண்ணுங்களுக்கு உட்கார சீட்டு குடுக்கணும்னு 2021ல நம்ம தமிழ்நாட்டுலயும் சட்டம் போட்டாங்க. தோல் தைக்கிறவங்களுக்கும் துணி மடிக்கிறவங்களுக்கும் கிடைச்சது ஆளோட உயிரைப் பாத்துக்கிறவங்களுக்கு ஏன் இன்னும் வரலன்னு அண்ணி கேட்டாங்க, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அதுவும் இது வேலூரு. 1909லயே நர்ஸ் பயிற்சி ஆரம்பிச்ச ஊரு, 1946ல இந்தியாவுலயே முதல் முதலா பி.எஸ்சி. நர்சிங் வந்த ரெண்டு ஊர்ல ஒண்ணு, இன்னொண்ணு டெல்லி.

மேனேஜ்மெண்ட்டைக் கேட்டா ஆள் இல்லன்னு சொல்லுவாங்க. சாதாரண ஆஸ்பத்திரியில 5 பேஷண்டுக்கு ஒரு நர்சு, டீச்சிங் ஆஸ்பத்திரியில 3க்கு ஒண்ணு, லீவுக்கு 30 சதவீதம் கூடுதல் ஆளுன்னு இந்தியன் நர்சிங் கவுன்சில் சொல்லுது. எங்களுக்கு 24க்கு ஒண்ணு. அதை இன்னிக்கு கேக்கல, அது தனி மனு. இப்போ இருக்குற ஆளை வச்சே ஒரு வழி இருக்கு. ராத்திரி ரெண்டு தடவை ரவுண்ட்ஸ் வர்ற நைட் சூப்பர்வைசர் அம்மா, தூங்குறவங்களைப் பிடிக்கிறதுக்குப் பதிலா வார்டுக்கு ஒரு மணி நேரம் எங்க சேர்ல உட்காந்தா போதும். எங்க ஆஸ்பத்திரியில நாலு வார்டு, 12ல இருந்து 4க்குள்ள எல்லாரும் முறை வச்சு படுத்துடலாம்.

நீங்க செய்ய வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. எங்க ஆஸ்பத்திரி மாதிரி எல்லா கிளினிக்கும் 1997 சட்டப்படி ரிஜிஸ்டர் பண்ணின சர்டிஃபிகேட்டை ரிசப்ஷன்ல மாட்டி வச்சிருக்காங்க. ஜே.டி. (மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்) அவர்களை விட்டு மாவட்டத்துல எல்லா ஆஸ்பத்திரிக்கும், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியும் சேத்து, ஒரு சர்க்குலர் போடச் சொல்லுங்க. நைட்டு ரோஸ்டர்ல ஓய்வு நேரமும் அந்த நேரம் வார்டு யார் பொறுப்புன்னும் எழுதணும், ஃபேனும் உள்பக்கத் தாழ்ப்பாளும் உள்ள ஒரு ரூம் இருக்கணும், இன்ஸ்பெக்‌ஷன் வந்தா அந்த ரோஸ்டரையும் ரூமையும் பாக்கணும். தாழ்ப்பாளை ரெண்டாவது தடவை சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 2024 ஆகஸ்ட்ல கொல்கத்தாவுல ராத்திரி டூட்டிக்கு நடுவுல செமினார் ஹால்ல படுக்கப் போன இடத்துல கொலையான அந்த டாக்டர் பொண்ணை நினைச்சா இன்னும் எங்களுக்கு ஸ்டோர் ரூம்ல கண்ணு மூட பயமா இருக்கு. சஸ்பெண்ட் ஆன பொண்ணோட 10 நாள் சம்பளமும் அந்த மெமோவும் என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா அதுவே பெரிய உதவி, அவ விவரமும் கவர்ல இருக்கு.

பகல்ல தூங்கிட்டு வர வேண்டியது தானேன்னு கேப்பீங்க. வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியாதது இல்ல, சித்திரை வைகாசியில ஷீட்டு போட்ட வீட்டுல பகல் 12 மணிக்கு எங்க தூங்குறது. மாசத்துல ரெண்டு நாளாவது நைட்டு முடிச்சு காட்பாடியில ஏறி பஸ்லயே தூங்கி, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி பாகாயம் போயிடுவேன். கண்டக்டர் எழுப்பி, "இன்னாமா, டிக்கெட்டு ஃப்ரீன்னு தூங்கிக்கினே சுத்துறியா"ன்னு கேப்பாரு.

மனுவுக்கு ரசீது நம்பர் குடுப்பாங்க, பதில் போன்ல வரும்னு சொன்னாங்க. கவர்ல இருக்குற நம்பருக்கு சாயங்காலம் 4 மணிக்கு மேல பண்ணச் சொல்லுங்க. இந்த வாரம் பூரா எனக்கு நைட்டு, அதுக்கு முன்னாடி பண்ணினா எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஸ்டாஃப் நர்ஸ் (கூட 11 பேர்)
வேலூர்.