கலந்து வாழ்வதற்கான செலவு யார் தலையில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூர் இன நல்லிணக்க நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட படங்கள் அழகாக இருந்தன. சேலை கட்டிய சீனப் பிள்ளைகள், மலாய் உடையான பாஜு குரோங்கில் நம் வீட்டுப் பிள்ளைகள். ஆண்டுதோறும் பார்ப்பதுதான், இருந்தும் அலுக்கவில்லை. ஆனால் அந்த நல்லிணக்கம் தினமும் நடக்கும் இடம், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி புளோக். அங்கே அதற்கு ஆகும் செலவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

வீவக வீடுகளில் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பு வைப்பது இன ஒருங்கிணைப்புக் கொள்கை. அது 1989 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. தேசிய வளர்ச்சி அமைச்சராக அப்போது எஸ். தனபாலன் இருந்தார். பிடோக், தெம்பனிஸில் மலாய்க்காரர்களும் ஹவ்காங்கில் சீனர்களும் அடர்த்தியாகச் சேர்ந்துகொண்டிருந்த நேரம். 1964 இனக் கலவரத்தைக் கண்ட தலைமுறைக்கு அது சும்மா விட்டுவிடக்கூடிய விஷயமாகத் தெரியவில்லை. சீனர்களுக்குப் பேட்டையில் (பல புளோக்குகள் சேர்ந்த வட்டாரத்தில்) 84, புளோக்கில் 87 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தார்கள். மலாய்க்காரர்களுக்கு 22, 25. இந்தியர்களுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து 10, 13 என்று இருந்தது, 2010-இல் 12, 15 ஆனது. இந்தக் கொள்கையை நான் எதிர்க்கவில்லை. இது இல்லாதிருந்தால் நாமே ஈசூனில் இன்னொரு லிட்டில் இந்தியாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விற்கும்போதுதான் சிக்கல். ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வையுங்கள். அங்கே குடியிருக்கும் சீனர் தம் வீட்டை எந்த இனத்தவருக்கும் விற்கலாம். சீனருக்குச் சீனர் விற்றால் விகிதம் மாறப்போவதில்லையே! பக்கத்து வீட்டு இந்தியரோ சீனருக்கு விற்க முடியாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. வாங்கக்கூடியவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆட்களைக் கழித்துவிட்டு மிச்சமிருப்பவர்களிடம் என்ன விலை பேசுவது?

என் அக்கா அப்படித்தான் மாட்டிக்கொண்டார். மாமா போனபின் நாலறை வீடு எதற்கு, சின்னதாகப் போய்விடலாம் என்று விற்கப் போட்டார். முகவருக்கு வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் முதல் கேள்வி, "ஓனர் எந்த இனம்?" ஒரு சீன இளம் தம்பதி நேரில் வந்து பார்த்தார்கள். அந்தப் பெண் அளவு டேப்பை எடுத்து அடுப்படியில் ஃபிரிட்ஜுக்கு இடம் அளந்துகொண்டிருந்தார். கணவர் கைபேசியில் புளோக் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு மனைவியிடம் மெல்ல ஏதோ சொன்னார். அவர் டேப்பைச் சுருட்டிவிட்டு அக்காவிடம் "சாரி ஆன்ட்டி" என்றார். கடைசியில் ஓர் இந்தியக் குடும்பம் வாங்கியது. அக்காவுக்கு வேறு வழியில்லை என்று தெரிந்துதான் விலையை அடித்துப் பேசினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதே மாடியில் சீனக் குடும்பம் ஒன்று அதே அளவு வீட்டை நல்ல விலைக்கு விற்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்கில், பெற்றோருக்குப் பக்கத்தில் குடிவர நினைக்கும் இந்தியப் பிள்ளை சீனரிடமோ மலாய்க்காரரிடமோ வீடு வாங்க முடியாது. கலப்பு மணம் செய்தவர்கள் கணவன், மனைவி இருவரில் யாருடைய இனம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2011 முதல் அடையாள அட்டையில் இரட்டை இனம் போட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் வீடு வாங்கும்போது முதலில் நிற்கும் இனமே கணக்கு.

2022-இல் வீவக ஒரு வழி திறந்தது. வரம்பால் விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும். நல்ல காரியம். ஆனால் குறைந்தது 10 ஆண்டு அந்த வீட்டின் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும், சந்தையில் விற்க முயன்று பார்த்திருக்க வேண்டும். எப்படியோ விலையைக் குறைத்து விற்றுவிட்டவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால் அவர்கள்தான் அதிகம் பேர் இருப்பார்கள். வயதானவர்கள் வேறு என்ன செய்வார்கள், காத்துக்கொண்டே இருப்பார்களா?

கலந்து வாழ்வதால் நாட்டுக்கே நன்மை என்கிறோம். அப்படியென்றால் அதற்கான செலவை நாடே ஏற்கட்டும். வரம்பு நிரம்பிய புளோக்கில் சிறுபான்மையினர் குறைத்து விற்க நேர்ந்தால், வித்தியாசத்தில் ஒரு பகுதியையாவது வீவக கொடுக்கட்டும். எந்த புளோக்கில் எந்த மாதம் எவ்வளவுக்கு விற்றது என்ற விவரம் கழகத்தின் இணையப்பக்கத்திலேயே இருக்கிறது. கணக்குப் போடப் புதிதாக எதையும் திரட்ட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்