கோட்டூர்புரம் நூலகத்தில் எதிரே உட்கார்ந்திருந்த அக்காவுக்கு

அக்கா, உங்கள் பெயர்கூடக் கேட்டதில்லை. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிற பகுதியில் எனக்கு எதிரே உட்காருவீர்கள். மாசச் சம்பளத்தை விட்டுவிட்டு குரூப் 1 எழுத வந்தவன் நான். பழைய ஆபீஸ் திரும்பக் கூப்பிட்ட அன்று, சரி போய்விடலாம் என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை (அதற்கே தனியாக ஒரு நன்றி). நான் கசக்கிப் போட்ட விடைத்தாளைப் பிரித்து, சிவப்பு மையில் வரிக்கு வரி திருத்தி, ஓரத்தில் "முன்னுரை நீளம், மற்றது தேறும்" என்று எழுதி மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டீர்கள். அப்புறம் மூன்று வாரம், தினமும் ஒரு தாள். மெயின்ஸ் எழுதிவிட்டேன் அக்கா, ரிசல்ட் இன்னும் வரவில்லை. அந்தத் தாள்கள் என்னிடம்தான் இருக்கின்றன.