இயற்கைக் காட்சிப் புகைப்படக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, போஷகர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைச் சபை முன் வைக்கின்றேன். சந்தா விபரத்தையும் வரவு செலவையும் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். ஆகவே பயணங்கள், பயிற்சி, உபகரணப் பராமரிப்பு, கண்காட்சி ஆகியவற்றோடு இந்த அறிக்கை நின்றுகொள்கிறது.

ஒருநாள் பயணங்கள்

இவ்வாண்டு பயணங்களை வெயிலின் திசையையும் பயிர்க்காலத்தையும் பார்த்தே ஒழுங்கு செய்தோம். மட்டக்களப்பும் அம்பாறையும் பூமத்திய ரேகைக்கு 7, 8 பாகை வடக்கே இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நிமிர்ந்தே ஏறும், நிமிர்ந்தே இறங்கும். அடிவானத்திலிருந்து 6 பாகை உயர அதற்கு 25 நிமிடம் போதும். குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்லும் ஒரு மணி நேரப் பொன்வெயில் இங்கே கிடைக்காது. சூரியன் எழுவதற்கு 20 நிமிடம் முன்பே கீழ்வானம் சிவக்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் ட்ரைபொட் (முக்காலி) நட்டு, சட்டகம் பார்த்து, குவியம் சரிசெய்து தயாராக நிற்க வேண்டும். அதனால் உதயத்துக்கு 45 நிமிடம் முன்னதாக இடத்தில் நிற்பதை விதியாக்கினோம். ஜூனில் உதயம் 5.50 அளவில், ஜனவரி இறுதியில் 6.20 அளவில். மாலையில் நவம்பர் தொடக்கத்தில் 5.40க்கே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் 6.20 வரை இருக்கும். இந்த நாற்பது நிமிட வித்தியாசத்தைக் கவனிக்காமல் புறப்பட்டால் நவம்பரில் வாவிக்கரைக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிடும்.

தண்ணீருக்கு மேல் சூரியன் எழுவதைப் படமெடுக்க எமக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று நாவலடி, கல்லடி, களுவாஞ்சிகுடி, திருக்கோவில் என நீளும் கடற்கரை. மற்றது மட்டக்களப்பு வாவியின் படுவான்கரை, அதாவது மேற்குக் கரைப் பக்கம். அங்கே நின்றால் எதிரே எழுவான்கரைத் (கிழக்குக் கரைத்) தென்னைகள் கரிய கோடாகத் தெரிய, அவற்றின் பின்னால் சூரியன் வரும். காற்று எழும்பாத வேளை என்பதால் வாவியும் அசையாது. எமது அபிப்பிராயத்தில் கடற்கரை உதயத்தைவிட இதுவே சிறந்தது. 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தால் மட்டக்களப்புப் பட்டணத்திலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவதும் இலகு. மாலைக்கு எழுவான்கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும். 1924இல் கட்டிய கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தின் சட்டங்கள் நிழலுருவாக விழுவது அந்த நேரத்தில்தான்.

குளங்களுக்கும் இதே கணக்கு. எமது பகுதியின் நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிவதால் பெரும்பாலான குளங்களுக்குக் கட்டு கிழக்குப் பக்கமாகவும் தண்ணீர் மேற்குப் பக்கமாகவும் இருக்கும். உன்னிச்சைக் குளக்கட்டில் காலையில் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் வரும். எதிர்க்கரைக் காடும் குன்றுகளும் முழு வெளிச்சத்தில் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். மாலையில் அதே கட்டில் நின்றால் சூரியன் தண்ணீருக்கு நேர் மேலே இறங்கும். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்துக்கும் இது பொருந்தும். நிழல்வீழ்ச்சி வேண்டுமானால் காலை 7.30க்கு முன் எடுத்து முடிக்கவும். அதற்குப் பிறகு வரும் சின்னக் காற்றே நீர்ப்பரப்பைக் குலைத்துவிடும்.

நடுப்பகல் வீண் என்று பலர் கமராவைப் பைக்குள் வைத்துவிடுகின்றனர். பாசிக்குடாவுக்கு நடுப்பகலே சரியான நேரம். அங்கே கடல் வெகுதூரம் வரை ஆழமில்லாதது. காலை 10 முதல் பிற்பகல் 2 வரை வெயில் மேலிருந்து இறங்கி வெண்மணல் அடித்தளத்தில் பட்டுத் திரும்பும்போதுதான் பச்சையும் நீலமும் கலந்த நிறம் வரும். போலரைசர் பில்டரை (தண்ணீரின் மினுக்கத்தைக் குறைக்கும் கண்ணாடி) லென்ஸில் பொருத்தி, கமராவில் பார்த்தபடி மெதுவாகச் சுழற்றினால் ஓரிடத்தில் மேற்பரப்பு மினுக்கம் மறைந்து அடிமணல் தெரியும். அதோடு நிறுத்த வேண்டும். 18 மில்லிமீற்றரிலும் அகலமான லென்ஸில் போலரைசர் வானத்தில் ஒரு பக்கம் கருநீலமும் மறுபக்கம் வெளிறலுமாகத் திட்டுப் போடும், ஆகவே வானத்தைச் சட்டகத்தில் குறைத்துக்கொள்ளவும்.

மாதவாரியாகச் சொன்னால், நவம்பர், டிசம்பர் மழையில் தூரப் பயணம் வைக்கவில்லை. தாம்போதிகளின் மேல் தண்ணீர் ஓடும் நாளில் வாகனத்தை இறக்குவதில்லை என்பது நிர்வாக சபையின் தீர்மானம். ஜனவரியில் பெரும்போக வயல் முழுப் பச்சை. விடியலில் வட்டைகளின் மேல் பனிமூட்டம் தங்கும். கமராவின் வெளிச்சமானி (மீற்றர்) அந்த வெண்மையைச் சாம்பலாக்கிவிடுவதால் வெளிச்ச ஈடு (கமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) கூட்டல் 0.7 வைக்க வேண்டும். பெப்ரவரி, மார்ச்சில் கதிர் முற்றி அறுவடை நடக்கும். மே முதல் ஓகஸ்ட் வரை வீசும் கச்சான் தென்மேற்குப் பருவக்காற்றுத்தான். மத்திய மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு எமது பக்கம் சூடாகவும் வரண்டும் இறங்குகிறது. தூசும் மங்கலும் சேர்வதால் குடும்பிமலை போன்ற தூரத்து மலைகள் வெளிறிப்போகும். மலைப்படங்களை மழை விட்ட மறுநாள் காலையில் எடுங்கள். கிழக்குப் பக்கமிருந்து பார்த்தால் மலைமுகத்தில் நேரே வெயில் விழும்.

தெற்கே பொத்துவில், அறுகம்பை, பாணமை, உகந்தை வழி ஒரே நாளில் முடியும். ஆனால் உதயம் வேண்டுமென்றால் நள்ளிரவு கடந்ததும் பட்டணத்தை விட வேண்டும். சாரதி முதல்நாள் பகலில் தூங்கியிருக்க வேண்டும். லாகுகலைக் குளத்தில் யானைகளை வீதியோரத்திலிருந்து எடுப்பதானால் வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது.

ஓடும் பொருளில் ஒரு பயிற்சி

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் (இயந்திரப் படகுத் தட்டில்) வாவியைக் கடப்பதை ஒரு பயிற்சியாகவே வைத்தோம். பாதையில் ட்ரைபொட் பயன்படாது. இயந்திரத்தின் அதிர்வு தட்டிலிருந்து கால்கள் வழியாக நேரே கமராவுக்கு ஏறிவிடும். கையில் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, ஷட்டர் 1/500 செக்கனுக்குக் குறையாமல் எடுத்தால் கூர்மை நிற்கும். உடல் அந்த அதிர்வைக் குடித்துக்கொள்ளும். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தால் மறுபடியும் வந்துவிடும்.

உழவு இயந்திரத்தின் பின்னால் இறங்கும் கொக்குகளை எடுக்கும்போது 1/1000 வேண்டும். அங்கே வெளிச்ச அளவுதான் சிக்கல். சட்டகத்தின் பெரும்பகுதி கரிய சேறாக இருப்பதால் மீற்றர் அதை வெளிறச் செய்யப் பார்க்கும். கொக்கின் வெள்ளை இறகு அடையாளமின்றி எரிந்துபோகும். வெளிச்ச ஈட்டைக் கழித்தல் 0.7 அல்லது 1க்கு இறக்கவும். வெண்மணல் சட்டகத்தை நிறைக்கும் கடற்கரையில் இதற்கு நேர்மாறு, கூட்டல் 0.7 முதல் 1 வரை. எதிலும் ஹிஸ்டோகிராமின் (படத்தின் இருள், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபு) வலது ஓரத்தைப் பாருங்கள். திரை வெயிலில் பொய் சொல்லும்.

நிலைக்காட்சிக்குச் சிறுசென்சர் (ஏபிஎஸ்-சி) கமராவில் 18 மில்லிமீற்றர், லென்ஸ் துவாரம் எஃப்/8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100 வைத்து, ஏறத்தாழ 2 மீற்றர் தூரத்தில் குவியம் பிடித்தால் 1 மீற்றருக்கு அப்பாலிருந்து அடிவானம் வரை தெளிவாக வரும். எஃப்/16க்கு மேல் போனால் சிறுத்த துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைவதால் முழுப்படமும் மெல்ல மழுங்கும். சென்சரில் ஒட்டிய தூசும் வானத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அலையைப் பஞ்சாக்க, வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி பில்டர் உதவும். ஒரு நிறுத்தம் என்பது வெளிச்சத்தைப் பாதியாக்குவது. 6 நிறுத்த பில்டர் 1/30 செக்கனை 2 செக்கனாக்கும், 10 நிறுத்த பில்டர் அதையே அரை நிமிடமாக்கும். குவியத்தைப் பில்டர் போடுமுன் பிடித்துக் கைமுறைக்கு மாற்றவும்; போட்ட பிறகு கமராவுக்குக் கண் தெரியாது. கண்ணாடிப் பார்வையுள்ள (டிஎஸ்எல்ஆர்) கமராவில் பார்வைக்குழியை மூடவும். இல்லாவிட்டால் பின்பக்கமிருந்து வெளிச்சம் புகுந்து படத்தின் நடுவில் ஊதாக் கீற்று விழும். ட்ரைபொட்டில் ஏற்றியதும் அதிர்வு நீக்கியை நிறுத்துங்கள்.

ஈர மணலில் ஒவ்வோர் அலை திரும்பும்போதும் ட்ரைபொட்டின் காலடி மணல் அரித்துப்போய்க் கமரா ஒரு நூலளவு இறங்கும். கால்களை அகட்டி, கையால் அழுத்தி, இறுக்கம் தெரியும் வரை ஊன்றி, இரண்டு மூன்று அலை வந்துபோன பின் எடுக்கவும். நடுக்கம்பத்தை உயர்த்தக்கூடாது.

கைத்தொலைபேசியில் எடுக்கும் அங்கத்தவர்கள் இப்போது எம்மில் அதிகம். அவர்களுக்கான பயிற்சி சுருக்கமானது. லென்ஸைப் பருத்தித் துணியால் துடைப்பது, கட்டக்கோடுகளைப் போட்டு அடிவானத்தை நேராக்குவது, திரையை நீண்ட நேரம் அழுத்திக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டுவது, விரலால் பெருப்பிக்காமல் காலால் நடந்து கிட்டப் போவது. இந்த நான்கையும் செய்தவர்களின் படங்கள் கண்காட்சியில் நல்ல இடம் பிடித்தன.

உபகரணப் பராமரிப்பு

இவ்வாண்டு அங்கத்தவர்கள் அதிகம் முறையிட்ட விடயம் இது. முதலாவது பனி படர்தல். ஏசி வாகனத்தினுள் கமரா 22, 23 பாகைக்குக் குளிர்ந்திருக்கும். வெளியே விடியற்காலைக் காற்று ஈரம் நிறைந்தது. இறங்கியவுடன் லென்ஸ் வெளுத்துவிடும், துடைத்தாலும் மறுபடி படரும். இடத்தை அடைய 30 நிமிடம் இருக்கும்போதே ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளைத் திறந்துவிட வேண்டும். அல்லது கமராவை ஸிப் பையில் இறுக்கி மூடி வெளியே எடுக்கவும். நீர் பையின் வெளிப்புறத்தில்தான் படியும். பனி படர்ந்த நிலையில் லென்ஸைக் கழற்றக்கூடாது, ஈரம் உள்ளே போய்விடும்.

இரண்டாவது உப்பு. கடற்கரையிலிருந்து வந்தவுடன் உலர்ந்த துணியால் லென்ஸைத் தேய்த்தால் உப்புப் படிகம் பூச்சைக் கீறும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, கடைசியாகவே உலர்துணி. ட்ரைபொட் கால்களை முழு நீளத்துக்கு இழுத்து, பூட்டுகளைத் தளர்த்தி, குழாய்த் தண்ணீரில் கழுவி, விரித்தபடி நிழலில் காயவிடவும். மடக்கிக் காயவைத்தால் புரிகளில் உப்பு இறுகிப் பிறகு கால் நீளாது.

மூன்றாவது பூஞ்சணம். ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் லென்ஸினுள் வலைபோலப் படரும். அது சுரக்கும் அமிலம் பூச்சை அரித்துவிட்டால் கழுவினாலும் தடம் போகாது. தோல் உறையில் வைப்பது அதற்குத் தீனி போடுவது. றப்பர் விளிம்புள்ள 10 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி, 200 கிராம் சிலிக்கா ஜெல், ஓர் ஈரமானி, இவை போதும். ஈரமானி 40 முதல் 50 வீதத்தில் நிற்க வேண்டும். 30க்குக் கீழே இறங்கினால் றப்பரும் மசகும் வரண்டுபோகும். ஜெல் நிறம் மாறியதும் தாச்சியில் மிதமான சூட்டில் வறுத்து ஆறவைத்து மறுபடி போடலாம். அரிசி போடும் பழக்கத்தை விடவும், அதன் தூள் லென்ஸ் வளையங்களுக்குள் போகிறது.

பாதுகாப்பும் மரியாதையும்

படுவான்கரையின் மேற்குப் பகுதிகளில் மாலை 5.30க்கு மேல் நிற்பதில்லை. யானை இறங்கும் நேரம் அது. ஆகவே குளக்கட்டு மாலைப்படங்களை ஊர் அருகேயுள்ள குளங்களில் மட்டும், அவ்வூரவர் ஒருவர் துணையோடு எடுத்தோம். குள ஓரத்துச் சேற்றில் முதலை கிடக்கும், துருசுக் (மதகுக்) கட்டில் ஏறி நிற்பதும் ஆபத்து. வயலில் இறங்குமுன் உரியவரிடமோ வட்டவிதானையிடமோ (வயல் நீர்ப்பாசனப் பொறுப்பாளர்) கேட்க வேண்டும். வரம்பில் ஒருவர் பின் ஒருவராக நடக்கவும், வக்கடையை (வரம்பில் தண்ணீர் பாயும் வாய்) மிதித்து உடைத்தால் ஒருவருடைய தண்ணீர் போய்விடும். இராணுவ முகாம், சோதனைச் சாவடி படமெடுப்பது கூடாது. ஆலய உள்வீதியிலும் பள்ளிவாசலிலும் நிர்வாகத்தின் அனுமதி முதலில். ட்ரோன் வைத்திருப்போர் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் ஆவணங்களைக் காட்டினாலேயே கழகப் பயணத்தில் சேர்க்கப்படுவர். கரைவலை இழுப்போரை எடுத்தால் அடுத்த முறை போகும்போது அச்சிட்ட படம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கவும். எமக்கு அந்தக் கரையில் வரவேற்பு இருப்பது அதனால்தான்.

கண்காட்சி

12க்கு 18 அங்குல அச்சுக்கு 300 புள்ளி அடர்த்தியில் 3600க்கு 5400 பிக்சல் வேண்டும், அதாவது 2 கோடிக்குச் சற்றுக் குறைவு. 1.2 கோடி பிக்சல் தொலைபேசிப் படம் 10க்கு 13 அங்குலம் வரை நன்றாக வரும். தொலைபேசிச் சட்டகம் 4க்கு 3, அச்சுத்தாள் 3க்கு 2. கிடையாக எடுத்த படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும் என்பதை எடுக்கும்போதே நினைத்து, கோபுரக் கலசத்துக்கு மேல் இடம் விடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பவும். அச்சு இருண்டு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் திரையின் வெளிச்சத்தை முழுதாக வைத்துத் திருத்துவதுதான். பாதியளவுக்குக் குறைத்துத் திருத்தி, சிறிய மாதிரி அச்சு ஒன்று பார்த்த பிறகே பெரியதுக்குக் கொடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு நிர்வாக சபை மூன்று விடயங்களைப் பிரேரிக்கிறது. இரவல் கொடுப்பதற்காக உறுதியான ட்ரைபொட்டுகளும் என்டி பில்டர் தொகுதி ஒன்றும் வாங்குதல். ஈரமானியுடன் கூடிய பொது உலர்பெட்டி ஒன்றைக் கழக அறையில் வைத்தல். பனிச்சங்கேணிப் பாலத்தையும் வாகரைக் கரையையும் ஜனவரி, ஏப்ரல், ஓகஸ்ட் என மூன்று பருவங்களில் ஒரே இடத்தில் நின்று எடுத்துத் தொகுத்தல். மூன்றாவதற்கு முன்வருவோர் தாம் நின்ற இடம், லென்ஸின் நீளம், நேரம் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும்.

இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ள வேண்டுமெனப் பிரேரித்து, வழிமொழிதலுக்கு விடுகின்றேன்.

செயலாளர்