எச் போட்டாச்சு, வண்டி ஓட்டத்தான் தெரியல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

சேலத்துல இருந்து எழுதுறேன், வயசு 46, போன வருஷம்தான் கார் லைசன்ஸ் வாங்குனேன். லைசன்ஸ் வாங்குனேன்னுதான் சொல்றேன், ஓட்டக் கத்துக்கிட்டேன்னு சொல்லல, அதப் பத்திதான் இந்த லெட்டர்.

டிரைவிங் ஸ்கூல் கார்ல மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும்ல. நான் ஸ்டியரிங்க புடிச்சுக்கிட்டு பரவால்ல நல்லாத்தான் ஓட்டுறோம்னு நெனச்சுட்டு இருந்தேன், ஆனா ஓட்டுனது பூரா அவரு காலுதான். அது எனக்கு எப்ப புரிஞ்சுதுன்னா லைசன்ஸ் கைக்கு வந்து ரெண்டு மாசம் கழிச்சு ஏற்காடு மலைல. அங்க 20 கொண்டை ஊசி வளைவு இருக்குங்க, ஏழாவதோ எட்டாவதோ வளைவுல மேல இருந்து பஸ் வருது, நான் பயந்துபோய் நிறுத்திட்டேன், திரும்ப எடுக்கத் தெரியல. எடுக்க எடுக்க வண்டி ஆஃப் ஆகுது, பின்னாடி உருளுது, பின்னாடி ஒரு பைக்ல புருஷன் பொண்டாட்டி நடுவுல ஒரு கொழந்த. இப்ப எழுதும்போதும் கை வேர்க்குது. ஒரு வேன் டிரைவர் அண்ணன் எறங்கி வந்து ஹேண்ட்பிரேக்க இழுத்துப் புடிச்சு ஹாஃப் கிளட்ச்ல எப்படி எடுக்கறதுன்னு சொல்லிக் குடுத்தாரு. மலைல ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டிதான் வழி விடணும்ங்கற ரூலே அன்னிக்கு அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து மத்திய மோட்டார் வாகன விதிகள எடுத்துப் படிச்சேன், ஆத்திரந்தான் வந்துச்சு. சொந்த கார் ஓட்டக் கத்துக்க வர்றவங்களுக்கு கொறஞ்சது 21 நாள் பயிற்சி, அதுல 10 மணி நேரமாச்சும் நம்ம கையால ஓட்டியிருக்கணுமாம். எங்களுக்கு நடந்தது என்னன்னா ஒரு கார்ல நாலு பேரு, ஆளுக்கு பத்து நிமிஷம், மிச்ச நேரம் பின் சீட்ல உக்காந்து வேடிக்கை. ஓட்டுன நேரத்த எழுதுறதுக்குன்னே படிவம் 15னு ஒரு ரிஜிஸ்டர் இருக்கு, அதுல கடைசி நாள் மொத்தமா கையெழுத்து வாங்கிட்டாங்க. நானும் என்ன ஏதுன்னு கேக்காம போட்டேன், அது என் தப்புதான்.

டெஸ்ட் அதுக்கு மேல. எச் ட்ராக்ல உள்ள போய் ரிவர்ஸ்ல வெளிய வந்தேன், அஞ்சு நிமிஷம், பாஸ். ஏத்தத்துல வண்டிய நிறுத்தி, பின்னாடி உருளாம திரும்ப எடுத்துக் காட்டணும்னு விதி 15லயே இருக்குங்க. நான் ஏற்காட்டுல முழிச்சுக்கிட்டு நின்ன அதே விஷயம்! ஓவர்டேக் பண்றது, ஜங்ஷன்ல திரும்புறது எல்லாமே பாக்கணும்னு போட்டிருக்கு, என்கிட்ட யாரும் கேக்கல.

2022ல நாட்டுல ரோட்டு விபத்துல செத்தவங்க 1,68,491 பேருன்னு ஒன்றிய அரசோட கணக்கு, அந்த வருஷம் விபத்து எண்ணிக்கைல தமிழ்நாடுதான் மொத எடம், 64,105. குடி, ஸ்பீடு, போன், ஹெல்மெட் போடாததுன்னு காரணம் சொல்றோம், சரிதான், ஆனா ஓட்டவே தெரியாம லைசன்ஸோட சுத்துற என்ன மாதிரி ஆளுங்கள யாரு கணக்கெடுக்கறது? மழைல எப்படி ஓட்டணும், எதுத்தாப்ல வண்டி வந்தா லைட்ட டிம் பண்ணணும், லாரிக்கு ஒட்டிப் போனா டிரைவர் கண்ணுக்கு நாம தெரியவே மாட்டோம், இதெல்லாம் ஒரு வார்த்த சொல்லல. புதுசா எதுவும் வேணாம்ங்க, அந்த ரிஜிஸ்டர்ல அன்னன்னிக்கு கையெழுத்து வாங்குறாங்களான்னு ஆர்டிஓல இருந்து திடீர்னு போய்ப் பாத்தா போதும், டெஸ்ட்ட ட்ராக்கோட முடிக்காம ரோட்டுக்கும் ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க.

நான் இப்ப மறுபடி காசு குடுத்து ஒரு பழைய டாக்சி டிரைவர்கிட்ட கத்துக்கறேன், ஞாயித்துக்கெழம விடியக்காலம் அஞ்சு மணிக்கு, எங்க கார்லயே. பக்கத்து சீட்ல அவருக்கு பிரேக் கெடையாது, அதனாலயோ என்னவோ நல்லாவே சொல்லித் தர்றாரு.

இப்படிக்கு,
சேலம் வாசகி